சம்பளம் அதேதான், மாதம்தான் சுருங்குகிறது

வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு விலைவாசி இரண்டு வழியாக ஏறும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த வழி. கடையில் விலை கூடும், வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவார். இன்னொரு வழியில் கடையில் எந்த விலையும் மாறியிருக்காது, வாடகையும் போன மாதத் தொகையேதான். ஆனாலும் இருபதாம் தேதிக்கு மேல் கை கடிக்கும். நமக்கு வேண்டிய இரண்டு நாணயங்களுக்கு நடுவே உள்ள மாற்று விகிதம் எங்கோ நகர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது தெரியவே தெரியாது, அவர் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை. அதே தெருவில், அதே வாடகையில் இருக்கிற நமக்கு மட்டும் எல்லாமே இருபது சதவீதம் விலை ஏறியிருக்கும்.

எண்களோடு பார்த்தால்தான் இது உறைக்கும். பிரிட்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஸ்பெயினிலும் பிரான்சிலும் போய்க் குடியேறியவர்கள் ஏராளம். ஓய்வூதியம் பவுண்டில் வரும், செலவு யூரோவில் போகும். 2007 தொடக்கத்தில் 1,000 பவுண்டை மாற்றினால் ஏறக்குறைய 1,500 யூரோ கிடைத்தது. 2008 டிசம்பர் கடைசியில் அதே 1,000 பவுண்டுக்கு 1,020 யூரோ கிடைப்பதே பெரிதாக இருந்தது. இரண்டு வருடத்துக்குள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. யாரும் அவர்களுடைய ஓய்வூதியத்தில் கை வைக்கவில்லை. ஸ்பெயினில் யாரும் அவர்களை மட்டும் குறிவைத்து விலையை ஏற்றவும் இல்லை. அப்புறம் 2015-ல் பவுண்டு மறுபடி 1.40 யூரோவைத் தொட்டது. பாடுபட்டவர்கள் மூச்சு விட்டார்கள். 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதாக பிரிட்டன் வாக்களித்தது, அக்டோபருக்குள் விகிதம் 1.10-க்கு இறங்கியது. எழுபது வயதுக்கு மேல் வேலைக்கும் போக முடியாது. வீட்டை விற்றுவிட்டு வந்தவர்களுக்குத் திரும்பிப் போவதும் எளிதில்லை.

நானும் பல வருடங்களாக இரண்டு நாணயங்களில் குடும்பம் நடத்துகிறவன். ஒன்றில் சம்பளம், வாடகை, போக்குவரத்து. இன்னொன்றில் பெற்றோரின் மருத்துவச் செலவு, கடன் தவணை. வெளிநாடு கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: வருமானம் எந்த நாணயத்தில், தவிர்க்கவே முடியாத செலவு எந்த நாணயத்தில்? இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதிக் கவலை விட்டது. வேறு வேறாக இருந்தால், எவ்வளவு பணம் அந்த எல்லையைத் தாண்டிப் போக வேண்டுமோ அவ்வளவும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் இல்லை.

சம்பாதிப்பதும் செலவழிப்பதும் ஒரே நாணயத்தில் என்றால் விகிதம் அடியோடு தொடாது என்று சொல்லவில்லை. அந்த நாட்டு நாணயம் விழுந்தால் இறக்குமதியாகும் எரிபொருளும் மருந்தும் கைப்பேசியும் விலை ஏறும். ஆனால் அது மெதுவாக வரும், எல்லோருக்கும் சேர்ந்து வரும், சம்பளமும் ஓரளவு பின்னால் ஓடி வரும். கூட்டத்தோடு நனைவதற்கும் தனியாக நனைவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தனியாக நனைகிறவர்களில் மாணவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஓய்வூதியக்காரர் செலவைக் குறைக்கலாம். வேலை பார்ப்பவர் ஊருக்கு அனுப்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். மாணவரால் கல்விக் கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது, அதற்குத் தேதி உண்டு. பணத்தைப் பெற்றோர் தங்கள் நாட்டு நாணயத்தில் சேர்த்து வைத்திருப்பார்கள், அல்லது கடன் வாங்கியிருப்பார்கள். சேரும்போது இருந்த விகிதத்தில் மூன்று வருடத்துக்கும் கணக்குப் போட்டிருப்பார்கள். முதல் வருடம் சரியாக இருக்கும். இரண்டாவது வருடம் அதே கட்டணம்தான், ஆனால் அவர்கள் நாணயத்தில் அது வேறு தொகை.

நைஜீரியாவில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஜூனில் அந்த நாட்டு மத்திய வங்கி நைராவைச் சந்தையின் போக்கில் விட்டது. அதுவரை அதிகாரபூர்வ விகிதம் ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024 பிப்ரவரியில் அது 1,500-ஐத் தாண்டியது. பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்களுக்குப் பவுண்டில் கட்டணம் அப்படியே இருக்க, வீட்டில் திரட்ட வேண்டிய நைரா மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. எட்டே மாதத்தில் மூன்று மடங்கு பணத்தை எந்தக் குடும்பம் புரட்டும்? சரி, வேலை பார்த்துச் சமாளிக்கலாமே என்றால், மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கட்டணம் கட்டத் தவறினால் பல்கலைக்கழகம் பெயரை நீக்கும், பெயர் நீங்கினால் விசாவும் போகும். படிப்பில் ஒரு குறையும் இல்லாதவர்களுக்கு இது நடந்தது. 1997-ன் ஆசிய நிதி நெருக்கடியிலும் இதே கதைதான். அந்த வருடத்தின் நடுவில் டாலருக்கு 900-க்குக் கீழே இருந்த கொரிய வோன், டிசம்பரில் 2,000-ஐ நெருங்கியது. வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்த கொரிய மாணவர்கள் பலர் பாதிப் படிப்பில் நாடு திரும்பினார்கள்.

விசா எடுக்கும் கட்டத்திலேயே இந்தச் சிக்கல் தொடங்கிவிடுகிறது. பிரிட்டன் மாணவர் விசாவுக்குக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்த தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததாகக் காட்ட வேண்டும். பணம் வேறு நாணயத்தில் இருந்தால், விண்ணப்பிக்கும் நாளில் ஓண்டா இணையதளம் காட்டும் விகிதத்தில் பவுண்டுக்கு மாற்றிப் பார்ப்பார்கள். இதை யோசித்துப் பாருங்கள். இருபத்தெட்டு நாளும் கணக்கைத் தொடாமல் காத்திருக்கிறீர்கள். கடைசி நாளில் உங்கள் நாணயம் மூன்று சதவீதம் சரிகிறது. ஒரு காசுகூட எடுக்காமலேயே உங்கள் கையிருப்பு தேவைக்குக் குறைவாகிவிடும். அதனால்தான் விசாவுக்குக் கேட்கும் தொகைக்கு மேல் ஒரு பத்து சதவீதமாவது கூடுதலாக வையுங்கள் என்று கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். கடன் வாங்கித்தான் வைக்க வேண்டும் என்றால் அது எவ்வளவு பெரிய பாரம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

வேலை பார்த்து வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் பக்கம் வருவோம். இவர்களுக்குத் தாங்கள் இருக்கும் நாட்டின் நாணயம் விழுந்தால்தான் அடி. ஜப்பானில் வேலை செய்யும் வெளிநாட்டவர்களுக்கு 2022-க்குப் பிறகு இதுதான் நேர்ந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 115 யென். ஒரு லட்சம் யென் அனுப்பினால் வீட்டில் ஏறக்குறைய 870 டாலர் மதிப்பு. 2024 ஜூலையில் விகிதம் 161-ஐத் தாண்டியபோது அதே ஒரு லட்சம் யென் 620 டாலர்தான். வேலை அதே வேலை, இரவு ஷிப்டும் அதே ஷிப்ட். இதற்குக் காரணம் தொழிற்சாலையில் இல்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை ஏற்றத் தொடங்கி, அடுத்த வருடம் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. ஜப்பானோ 2024 மார்ச் வரை மைனஸ் வட்டியிலேயே இருந்தது. அதிக வட்டி கிடைக்கும் இடத்துக்குப் பணம் ஓடும். உலகின் பெரும்பணம் யென்னை விற்று டாலரை வாங்கியது, அந்த ஓட்டத்தில் ஒரு முதியோர் இல்லப் பணியாளர் தன் குடும்பத்துக்கு அனுப்பும் தொகையில் கால் பங்குக்கு மேல் கரைந்தது. வேலைக்கு நாடு தேடும்போது அந்த நாட்டு வட்டி விகிதத்தை யார் பார்க்கிறார்கள்? பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. சொந்த நாட்டு நாணயம் விழும்போது அனுப்புகிறவருக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருக்கும், அதே டாலருக்கு அதிகப் பணம் கிடைக்கிறதே. அந்தச் சந்தோஷம் நம்பத் தகுந்ததில்லை. இலங்கையில் 2022 மார்ச்சில் ரூபாயின் பிடியைத் தளர்த்தினார்கள். டாலருக்கு 200 ரூபாயாக இருந்தது இரண்டே மாதத்தில் 360 வரை போனது. நூறு டாலர் அனுப்பியவரின் குடும்பத்துக்கு 20,000-க்குப் பதில் 36,000 கிடைத்தது என்று கணக்குச் சொல்லும். ஆனால் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டுப்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது, உணவுப் பொருட்களுக்கு அது 90 சதவீதத்துக்கும் மேல். எரிபொருளும் மருந்தும் பணம் கொடுத்தாலும் கிடைக்காத மாதங்கள் அவை. அனுப்புகிற ரூபாய் கூடியதே தவிர, அதைக் கொண்டு வீட்டில் வாங்க முடிந்தது கூடவில்லை. வெளியிலிருந்து பணம் வராத குடும்பங்களின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் ரேட் நல்லா இருக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கனக்கும்.

நாணயத்தை டாலரோடு ஒரே விகிதத்தில் கட்டிப் போட்டிருக்கும் நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று நிற்கிறது. சவூதி ரியால் 1986-லிருந்து 3.75. இந்த எண்கள் மாறாததால் ஒரு நிம்மதி வரும். உண்மையில் அங்கே சம்பளம் வாங்குகிறவர் டாலரில் சம்பளம் வாங்குகிறார், அவ்வளவுதான். டாலர் ஏறும்போது அவருக்கும் ஏறும், இறங்கும்போது இறங்கும். 2007 கடைசியில் டாலர் உலகெங்கும் வலுவிழந்து, இந்திய ரூபாய்க்கு எதிராக 39-ஐ ஒட்டி வந்தது. அதே சமயம் வளைகுடாவில் வாடகை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது. அங்கே செலவு கூட, இங்கே அனுப்பும் தொகை குறைய, நடுவில் மாட்டிக்கொண்டவர் குறைந்த சம்பளத் தொழிலாளி. மாறாத எண் என்றால் மாறாத மதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தவிர, கட்டிப் போட்டது அறுந்துபோவதும் உண்டு. அர்ஜென்டினாவில் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று 1991-ல் சட்டமே போட்டார்கள், 2002 ஜனவரியில் அது முடிந்தது. லெபனான் பவுண்டு 1997-லிருந்து டாலருக்கு 1,507.5 என்று இருந்தது. 2019-க்குப் பிறகு அந்த விகிதத்தில் சாதாரண மக்களால் டாலர் வாங்க முடியவில்லை.

அறுந்துபோனால் எல்லோருக்கும் நஷ்டம் என்றும் இல்லை. இது எனக்கு மிக விநோதமாகப் படும் பகுதி. 2011 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வோம் என்று அறிவித்தது. 2015 ஜனவரி 15 காலையில், முன்னறிவிப்பே இல்லாமல், அந்த வாக்கைக் கைவிட்டது. சில நிமிடங்களில் பிராங்க் எகிறியது. பின்னர் யூரோவும் பிராங்கும் ஏறக்குறைய சமமாக வந்து நின்றன. பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் குடியிருந்துகொண்டு தினமும் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்களில் 5,000 பிராங்க் சம்பளம் வாங்கியவருக்கு முந்தின நாள் அது 4,170 யூரோ. இப்போது 5,000 யூரோ. தூங்கி எழுந்ததும் இருபது சதவீதச் சம்பள உயர்வு. சுவிட்சர்லாந்தில் குடியிருந்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு எல்லைக்கு அப்பால் இருக்கும் கான்ஸ்டன்ஸ் மாதிரியான ஜெர்மன் ஊர்களுக்குப் போய்ச் சாமான் வாங்கினார்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் தவித்தார்கள். ஏற்றுமதியை நம்பியிருந்த சில சுவிஸ் நிறுவனங்கள் அதே சம்பளத்துக்கு வேலை நேரத்தைக் கூட்டின.

அதே காலையில் போலந்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் தலையில் கை வைத்தன. வட்டி குறைவு என்று வங்கிகள் சொன்னதைக் கேட்டு பிராங்கில் வீட்டுக் கடன் எடுத்தவர்கள் அவர்கள். சம்பளம் போலந்து ஸ்லோட்டியில். வெளிநாட்டுப் பக்கமே போகாதவர்கள், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே நாணய விகிதத்தின் கையில் சிக்கினார்கள். வருமானம் ஒரு நாணயத்தில், கடன் இன்னொன்றில் என்ற அதே இடைவெளிதான். எல்லை தாண்டினால்தான் அது வரும் என்பதில்லை.

டாலரிலோ யூரோவிலோ வருமானம் வைத்துக்கொண்டு மலிவான நாட்டில் போய் வாழலாம் என்று இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். கணினி ஒன்று போதும், எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்ற காலத்தில் அந்த ஆசை நியாயமானதுதான். ஆனால் விழுந்த நாணயத்தின் மலிவு நிலைத்து நிற்பது அபூர்வம். 2023 டிசம்பரில் அர்ஜென்டினா பெசோவின் அதிகாரபூர்வ விகிதத்தை டாலருக்கு 366-லிருந்து ஒரேயடியாக 800-க்கு இறக்கியது. அந்த ஒரு மாதத்திலேயே விலைகள் 25 சதவீதம் ஏறின. அதற்குப் பிறகு பெசோவை மாதத்துக்கு இரண்டு சதவீதம் என்று மெதுவாகத்தான் இறக்கினார்கள், விலைகளோ அதைவிட வெகு வேகமாக ஓடின. விளைவு, டாலர் வருமானத்தோடு புவெனஸ் அயர்சில் மலிவாக வாழ்ந்தவர்களுக்கு 2024-ல் அந்த ஊர் டாலர் கணக்கிலேயே விலை ஏறிப்போனது. நாணயம் விழும் வேகத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. விலைகள் ஏறும் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விகிதம் ஒரே நாளில் விழும், விலைகள் ஒரு வருடம் எடுத்துக்கொண்டு அதை எட்டிப் பிடிக்கும். அந்த நடு இடைவெளியில் வந்து இறங்கியவர் மலிவு என்று எழுதி வைத்ததை நம்பி அடுத்தவர் போய் ஏமாறுகிறார்.

உலகின் செலவு மிகுந்த நகரங்கள் என்று வருடா வருடம் வரும் பட்டியல்களையும் இதே காரணத்தால் நான் நம்புவதில்லை. அவை டாலர் கணக்கில் ஒப்பிடுகின்றன. ஒரு காலத்தில் அந்தப் பட்டியல்களின் உச்சியில் இருந்த டோக்கியோ, யென் சரிந்த வருடங்களில் கீழே இறங்கியது. டோக்கியோவில் வசித்தவர்களுக்கு அந்த வருடங்களில் விலைகள் ஏறவே செய்தன.

இனி தினசரி விஷயம் ஒன்று. செய்தியில் வரும் விகிதம் வேறு, நமக்குக் கிடைக்கும் விகிதம் வேறு. வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலைகளின் நடுப்புள்ளிதான் இணையத்தில் தேடினால் வருவது. நமக்குக் கொடுக்கும்போது அதிலிருந்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். கட்டணம் இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் இடத்தில் விகிதத்தைக் கவனியுங்கள், கட்டணம் அதற்குள் இருக்கும். 200 டாலர் அனுப்ப உலக சராசரியில் ஆறு சதவீதத்துக்கு மேல் செலவாகிறது என்று உலக வங்கியின் கணக்கு சொல்கிறது. 2030-க்குள் இதை மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. குறைவாக அனுப்புகிறவர்தான் விகிதாசாரத்தில் அதிகம் இழக்கிறார் என்பது என்னால் ஏற்க முடியாத அநியாயம்.

வெளிநாட்டுக் கடையில் அட்டையைத் தேய்த்ததும் சில கருவிகள் ஒரு கேள்வி கேட்கும். திரையில் இரண்டு தொகைகள் வரும். ஒன்று அந்த நாட்டு நாணயத்தில், மற்றொன்று உங்கள் அட்டையின் நாணயத்தில். கீழே பொடி எழுத்தில் அவர்கள் போட்டிருக்கும் விகிதம் இருக்கும். பின்னால் வரிசை நிற்கும், கடைக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், பழகிய நாணயம் கண்ணில் பட்டதும் விரல் அதன் மேல்தான் போகும். அந்தப் பழகிய தொகையில் கருவிக்காரர்களின் லாபம் ஏற்றப்பட்டிருக்கும், பல சமயம் நான்கைந்து சதவீதத்துக்குக் குறையாது. எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தொடுங்கள். மாற்றும் வேலையை உங்கள் வங்கி பார்த்துக்கொள்ளட்டும், பெரும்பாலும் அது மலிவாகவே முடியும். பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கேள்வி வேறு வார்த்தைகளில் வரும். மாற்றத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். மறுத்தால் பரிவர்த்தனையே ரத்தாகிவிடுமோ என்று பயம் வரும். ரத்தாகாது, பணம் வரும்.

என்னைப் போன்றவர்களுக்கு அடிக்கடி வரும் தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. "அண்ணா, ரேட் இன்னும் ஏறுமா? இப்பவே அனுப்பட்டுமா, இல்ல ஒரு வாரம் பாக்கட்டுமா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை, யாரிடமும் இல்லை. 1983-ல் ரிச்சர்டு மீஸ், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அன்றைக்கு இருந்த மாற்று விகிதக் கணிப்பு முறைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். குறுகிய காலத்தைப் பொறுத்தவரை, நாளைய விகிதம் இன்றைய விகிதம்தான் என்று சும்மா சொல்வதைவிட அந்த முறைகள் எதுவும் நன்றாகக் கணிக்கவில்லை. சர்வதேச செலாவணிச் சந்தையில் 2022-ன் கணக்கெடுப்புப்படி ஒரு நாளைக்கு 7.5 டிரில்லியன் டாலர் கைமாறியது. அத்தனை பெரிய சந்தையின் அடுத்த வார நடையை நாம் ஊகித்துவிட முடியாது. தம்பியிடம் நான் சொல்வது, உனக்கு எப்போது தேவையோ அப்போது அனுப்பு. மாதாமாதம் ஒரே தேதியில் அனுப்பு. சில மாதம் நல்ல விகிதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது, வருடக் கடைசியில் சராசரியில் வந்து நிற்கும். தவணைத் தேதி நெருங்கும்போது ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பது வேறு விஷயம், அது குடும்பப் பணத்தை வைத்துச் சந்தையில் பந்தயம் கட்டுவது.

எனக்குப் பயன்பட்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் பட்ஜெட் போடும்போது அன்றைய விகிதத்தில் போடுவதில்லை, அதைவிடப் பதினைந்து சதவீதம் மோசமான ஒரு விகிதத்தில் போடுவேன். அந்த விகிதத்திலும் வாடகையும் தவணையும் தாங்குமா என்று பார்ப்பேன். தாங்கினால் தூக்கம் வரும். தாங்காவிட்டால் குறைக்க வேண்டியது எது என்று அப்போதே, பதற்றம் இல்லாமல் முடிவு செய்யலாம். அவசரத்துக்கான சேமிப்பை எந்த நாணயத்தில் வைப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். எதில் வட்டி அதிகம் என்று பார்ப்பதைவிட, வேலை போனால் அடுத்த நாலைந்து மாதம் எந்த நாணயத்தில் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று பார்ப்பது நல்லது. வாடகை எந்த நாணயத்திலோ, அந்தச் சேமிப்பு அந்த நாணயத்தில்.

மனசுக்குள் நடக்கும் மாற்றுக் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவர்கள் ஒவ்வொரு விலையையும் பெருக்கிப் பார்ப்பார்கள். முடி வெட்ட இவ்வளவா, ஒரு பேருந்துச் சீட்டு இவ்வளவா என்று மலைப்பார்கள். முதல் சில மாதங்களுக்கு அது இயல்பு. ஆனால் உள்ளூரில் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும் அது தொடர்ந்தால், குளிருக்குத் தேவையான கோட்டை வாங்காமல் நடுங்குகிறவர்களும், பல் வலியை மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அதைவிடச் சரியான அளவுகோல், இதை வாங்க இங்கே எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது. அதோடு, பெருக்கும் எண்ணும் மாதா மாதம் மாறிக்கொண்டே இருக்கிறது. போன வருடம் தேவையில்லாத ஆடம்பரமாகத் தெரிந்த அதே கோட்டு, விகிதம் மாறியதால் இந்த வருடம் நியாயமான விலையாகத் தெரியும். குளிர் அப்படியேதான் இருக்கிறது.

வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது சம்பளத் தொகையோடு அது எந்த நாணயத்தில் எழுதப்பட்டிருக்கிறது, வேறு நாணயத்தில் தருவதாக இருந்தால் எந்தத் தேதியின் விகிதம், யாருடைய விகிதம் என்பதைக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு டாலர் தொகைக்கு இணையான உள்ளூர்ப் பணம் என்று பொதுவாக எழுதி விடும் ஒப்பந்தங்கள் இருக்கின்றன. விகிதம் அமைதியாக இருக்கும் வரை அந்த வரி யார் கண்ணிலும் படாது. பெரிய அமைப்புகள் தங்கள் ஊழியர்களுக்கு இதை எப்போதோ யோசித்துவிட்டன. ஐ.நா. சபை நியூயார்க்கின் செலவை அடிப்படையாக வைத்து, மற்ற ஊர்களில் பணியாற்றுகிறவர்களுக்கு ஒரு ஈடுகட்டும் படித்தொகை தருகிறது. மாற்று விகிதத்தின் அசைவும் அதில் கணக்கில் எடுக்கப்படுகிறது. அது நியாயம். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவருக்கும், தேதிக்குள் கட்டணம் கட்டியாக வேண்டிய மாணவருக்கும் அப்படி எதுவும் இல்லை. வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தை நம்பி இயங்கும் பல்கலைக்கழகங்களால், சொந்த நாட்டு நாணயம் திடீரென்று பாதி மதிப்பை இழந்த மாணவருக்கு இன்னும் ஆறு மாத அவகாசம் கொடுக்க முடியும். வருடக் கட்டணத்தை மூன்று தவணைக்குப் பதில் பத்தாகப் பிரிக்க முடியும். சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததும், இடத்தை உறுதி செய்வதற்கு முன்னால், இதைத்தான் அந்த அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டும்: எங்கள் நாணயம் விழுந்தால் எத்தனை தவணை தருவீர்கள், எவ்வளவு நாள் பொறுப்பீர்கள் என்று. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.